வேக்கம் பேகிங்கில் காற்றுக்குமிழ் ஏன் தங்குகிறது, எப்படித் தவிர்ப்பது

கார்பன் அல்லது கிளாஸ் ஃபைபர் துணியை எப்பாக்ஸி ரெசினில் நனைத்து, மோல்டின் மேல் அடுக்கி, பிளாஸ்டிக் ஃபிலிமால் காற்றுப் புகாதபடி மூடி, பம்பை ஓட்டிவிட்டு, மறுநாள் பிரித்துப் பார்க்கும்போது பளபளப்பான பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள் சிதறிக் கிடப்பது வேக்கம் பேகிங் எனப்படும் இந்த வேலையில் இறங்கிய எல்லோரும் கண்ட ஏமாற்றம். அதைப் பார்த்தவுடன் பெரும்பாலானோர் வந்துசேரும் முடிவு, வெற்றிடம் போதவில்லை, இன்னும் வலுவான பம்ப் வேண்டும் என்பதே. பேகில் கசிவு இருந்தால் அந்த முடிவில் ஓரளவு நியாயம் உண்டு. கசிவே இல்லாத பேகில், வெற்றிடத்தைக் கூட்டக் கூட்டக் குமிழும் பெருகுகிற நிலைமைகள் பல இருக்கின்றன. அந்த நிலைமைகள் எவை, அப்போது ரெசினுக்குள் நடப்பது என்ன என்பது தெளிவாகிவிட்டால், எந்தப் பொருளை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது என்பதும் தெளிவாகிவிடும்.

குமிழ் அழகுக் குறை மட்டுமல்ல. இழையும் ரெசினும் சேர்ந்த காம்போசிட் பாகம் வளையும்போது அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கப் பார்க்கின்றன. அந்தச் சறுக்கலைத் தாங்குவது இழைகள் அல்ல, அடுக்குகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய ரெசின் படலம். குமிழ்கள் தங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். ஜட், ரைட் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1978இல் அதுவரை வெளிவந்த சோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கன அளவில் ஒவ்வொரு 1 சதவீத வெற்றிடக் குழிக்கும் இந்தச் சறுக்கு வலிமை ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது என்றும், இந்தப் போக்கு சுமார் 4 சதவீதம் வரை தொடர்கிறது என்றும் கண்டார்கள். விமானங்களின் முதன்மைப் பாகங்களில் குழியின் அளவு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பொதுவாக வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

பம்ப் எதையும் அழுத்துவதில்லை. அது பேகுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது, அழுத்துவது வெளியே இருக்கும் வளிமண்டலம். ஒரு சதுர மீட்டருக்கு அதன் முழுச் சுமை ஏறத்தாழ 10 டன். பேகுக்குள் இருக்கும் காற்றில் பத்தில் எட்டுப் பங்கை எடுத்துவிட்டால், ஃபிலிம் 8 டன் சுமையோடு லேமினேட்டின், அதாவது ரெசினில் நனைந்த துணி அடுக்குகளின், மேல் படுக்கிறது. இவ்வளவு சுமை குமிழை நசுக்கித் தள்ளிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் குமிழின் அளவைத் தீர்மானிப்பது ஃபிலிமின் மேல் இருக்கும் சுமை அல்ல, குமிழைச் சூழ்ந்திருக்கும் ரெசினுக்குள் அந்த நொடியில் இருக்கும் அழுத்தம். இவை இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் இந்தப் பிரச்சினையின் வேர்.

முதலில் குமிழின் பக்கத்தைப் பார்ப்போம். 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிப்படி, வெப்பநிலை மாறாதிருக்கும்போது வளியின் அழுத்தம் குறையும் அளவுக்கு அதன் கன அளவு கூடும். சாதாரணக் காற்றழுத்தம் சுமார் 1,000 மில்லிபார். துணி அடுக்கும்போது சிக்கிக்கொண்ட ஒரு குமிழைச் சுற்றியுள்ள ரெசினின் அழுத்தம் 100 மில்லிபாருக்கு இறங்கினால், அந்தக் குமிழ் பத்து மடங்கு பெருக்கும். விட்டம் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகும். அந்த நேரத்தில் வெளியேற வழி திறந்திருந்தால் இந்தப் பெருக்கம் நன்மையே, ஏனெனில் பெருத்த குமிழ் பக்கத்துக் குமிழோடு சேர்ந்து எளிதாக நகர்ந்து போய்விடும். வழி அடைபட்டிருந்தால் அது பெருத்த அளவிலேயே நிற்கும். ரெசின் ஓட்டம் நின்று ஜெல் ஆகும்போது அப்படியே உறைந்து குழியாகிவிடும்.

இனி ரெசினின் பக்கம். ஈரமண்ணின் மேல் சுமை ஏற்றினால் அதன் ஒரு பகுதியை மண்துகள்களும் மறுபகுதியைத் துகள்களுக்கு இடையிலுள்ள நீரும் பகிர்ந்து சுமக்கின்றன என்பதைக் கார்ல் டெர்சாகி 1925இல் வெளியான தம் மண்ணியக்கவியல் நூலில் விளக்கினார். நீர் வடிய வடியச் சுமை துகள்களுக்கு மாறும். நீரின் அழுத்தம் குறையும். லேமினேட்டிலும் நடப்பது இதேதான். வேக்கம் ஏறிய தொடக்கத்தில் இழைகள் தளர்வாக மிதக்கின்றன, சுமை முழுவதையும் ரெசின் தாங்குகிறது, அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்கு அருகில் இருக்கிறது. லேமினேட்டோடு ஒட்டாமல் பிரிந்துவரும் துளையிட்ட ரிலீஸ் ஃபிலிம் வழியாக, அதன் மேல் காற்றுக்கு வழிவிட்டு உபரி ரெசினை உறிஞ்சும் ப்ரீதர் துணிக்குள் ரெசின் கசியத் தொடங்கியதும் இழைகள் நெருங்கி ஒன்றையொன்று தாங்குகின்றன, சுமை மெல்ல அவற்றின் தோளுக்கு மாறுகிறது. போதுமான ரெசின் வெளியேறிவிட்டால், ஃபிலிமின் மேல் 8 டன் சுமை இருந்தபோதும் அது முழுவதும் இழைகளின் மேல் நிற்கும். இடையிலுள்ள ரெசினின் அழுத்தம் பேகின் உள்ளழுத்தத்துக்கே இறங்கிவிடும். அந்த நிலையில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு நுண்குமிழும் வெற்றிடத்துக்குள் வைத்ததுபோல் வீங்கும்.

ஆகவே அதிகமாக ரெசினை உறிஞ்சி எடுப்பது எடையைக் குறைத்தாலும் குமிழை வரவழைக்கிறது. ரெசின் வடிவதைக் கட்டுப்படுத்த நான்கு கைப்பிடிகள் நம்மிடம் இருக்கின்றன: துளையிட்ட ஃபிலிமில் துளைகளின் இடைவெளி, ப்ரீதர் துணியின் தடிமன், வேக்கம் ஏற்றும்போது ரெசினின் பாகுநிலை, வேக்கத்தின் அளவு. இவற்றுள் கடைசியைத்தான் மக்கள் தொடத் தயங்குகிறார்கள். கையால் நனைத்து அடுக்கும் முறையில், நீர்போல் ஓடும் மெல்லிய ரெசினைக் கலந்து உடனே முழு வேக்கத்தை ஏற்றுவதைவிட, ரெசின் சற்றுக் கெட்டிப்படத் தொடங்கும் வரை மிதமான வேக்கத்தில் வைத்திருப்பது பெரும்பாலான வேலைகளுக்கு நல்லது என்பது என் கருத்து. வளிமண்டல அழுத்தத்தில் பாதி முதல் முக்கால் பங்கு வரை இருந்தாலே துணி அடுக்குகள் நன்றாகப் படிந்துவிடும். துளை நெருக்கமான ஃபிலிமும் கனமான ப்ரீதரும் மெல்லிய இரண்டு அடுக்கு லேமினேட்டுக்குப் பொருந்தாது. அவை தடித்த, ரெசின் மிகுந்த அடுக்குகளுக்கு உரியவை.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ப்ரீதர் மிக மெல்லியதாக இருந்தால் ரெசின் அதை நிரப்பிவிடும். நிரம்பிய ப்ரீதர் வழியாகக் காற்று போகாது. பம்பிலிருந்து தள்ளியிருக்கும் மூலையில் காற்று சிறைப்பட்டுவிடும், கேஜ் மட்டும் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். இதனால்தான் லேமினேட்டின் ஓரத்தைத் தாண்டி நாற்புறமும் ரெசின் எட்டாத உலர்ந்த ப்ரீதர் பட்டை ஒன்றை விட்டு, அதன் மேல் வேக்கம் இணைப்பை வைப்பது வழக்கம். கேஜை அந்த இணைப்புக்கு அருகில் வைக்காமல் பேகின் மறுகோடியில் தனியாக வைப்பது இன்னும் முக்கியம். பம்பின் அருகில் இருக்கும் கேஜ் பம்பின் நலத்தைச் சொல்லும். மறுகோடியில் இருக்கும் கேஜ்தான் பேகின் நலத்தைச் சொல்லும்.

குமிழ் எல்லாம் காற்று அல்ல, நீராவியாகவும் இருக்கலாம். 20 டிகிரி செல்சியஸில் நீரின் ஆவி அழுத்தம் சுமார் 23 மில்லிபார். 40 டிகிரியில் 74. 60 டிகிரியில் சுமார் 200. 80 டிகிரியில் 470ஐத் தாண்டும். பேகுக்குள் 50 மில்லிபார் மட்டுமே விட்டுவைத்து அறை வெப்பநிலையில் கெட்டிப்படுத்தினால், துணியில் ஒட்டியிருக்கும் சிறிதளவு ஈரத்தால் பெரிய தொல்லை வராது. அதே பேகை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், ரெசினின் அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கும் இடங்களில் அந்த ஈரம் கொதிக்கும். அறை வெப்பநிலையில் சுத்தமாக வந்த பாகம் ஹீட்டர் போட்டதும் நுரைத்துப்போனது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஈரத்தைத்தான். அராமிட் துணியும், சணல், ஆளி போன்ற இயற்கை இழைகளும் காற்றிலிருந்து ஈரத்தை நிறைய உறிஞ்சும். அவற்றை அடுக்குவதற்கு முன் சூட்டில் உலர்த்தியே ஆக வேண்டும். ரெசினைக் கெட்டிப்படுத்தக் கலக்கும் ஹார்ட்னரின் டப்பாவைத் திறந்தபடி விடுவதும் ஈரத்தைச் சேர்க்கும், காரணம் பெரும்பாலான அமீன் வகை ஹார்ட்னர்கள் நீரை ஈர்ப்பவை.

ரெசினை மெல்லியதாக்க அசிட்டோன் ஊற்றும் பழக்கத்தை இந்த இடத்தில் குறிப்பிட்டே ஆக வேண்டும். அசிட்டோனின் கொதிநிலை 56 டிகிரி. அறை வெப்பநிலையிலேயே அதன் ஆவி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. பேகுக்குள் அது கொதிக்காமல் இருக்க முடியாது. ஓடுதன்மை வேண்டுமென்றால் ரெசினை 30 முதல் 40 டிகிரி வரை மிதமாகச் சூடாக்குவது போதும், ரெசின் இறுகுமுன் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் குறையும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் ஆழ்ந்த வேக்கத்தில் ஆவியாவதுபோல், சரியாகக் கலந்த எப்பாக்ஸியில் எளிதில் ஆவியாகும் பொருள் இல்லை என்பது எப்பாக்ஸியின் பெரிய வசதி. அந்த வசதியை அசிட்டோனால் கெடுத்துக்கொள்வது வருத்தத்துக்குரியது.

கலக்கும்போது நுழையும் காற்றைப் பற்றி ஒரு கணக்கு பார்க்கலாம். திரவத்துக்குள் குமிழ் மேலேறும் வேகம், ஸ்டோக்ஸ் விதிப்படி, அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தும் திரவத்தின் பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும் மாறும். நீரைப்போல் 600 மடங்கு பாகுநிலையுள்ள ரெசினில் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழ் ஒரு சென்டிமீட்டர் ஏறுவதற்குப் பத்து விநாடி போதும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் குமிழுக்கு அதே தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். அதற்குள் பல ஹார்ட்னர்களின் நேரம் முடிந்துவிடும். வேகமாகச் சுழலும் கலக்கி பெரிய குமிழ்களை இத்தகைய நுண்குமிழ்களாக உடைக்கிறது என்பதாலேயே, தட்டையான குச்சியால் நிதானமாக, அடியையும் பக்கங்களையும் வழித்து வழித்துக் கலக்கச் சொல்கிறார்கள்.

கலந்த ரெசினைத் தனிக் கலத்தில் வைத்து வேக்கம் கொடுக்கும் டீகேஸிங் முறை இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. அழுத்தம் 10 மில்லிபாருக்கு இறங்கினால் குமிழின் கன அளவு நூறு மடங்காகும், விட்டம் நாலரை மடங்கைத் தாண்டும், ஏறும் வேகம் இருபது மடங்குக்கு மேல் கூடும். 17 நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஹென்றி விதிப்படி ரெசினில் கரைந்திருக்கும் காற்றின் ஒரு பகுதியும் அப்போது வெளியேறும். கலத்தின் கண்ணாடி மூடி வழியே பார்த்தால், முதலில் பரப்பில் சில குமிழ்கள் வெடிக்கும், பிறகு ரெசின் முழுவதும் வெண்ணுரையாகப் பொங்கி, ஊற்றிய உயரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு எழும்பி, ஒரு கட்டத்தில் தானாகச் சரிந்து விழுந்து தெளியும். பாத்திரம் அகலமாகவும் முக்கால் பங்கு காலியாகவும் இருக்க வேண்டும். ஆழமான பாத்திரத்தில் நிறைய ரெசினை வைத்தால் அதன் சொந்தச் சூட்டிலேயே கெட்டிப்பட்டுவிடும். உலர்ந்த துணிக்குள் ரெசினை உறிஞ்சிச் செலுத்தும் இன்ஃப்யூஷன் முறைக்கு டீகேஸிங் பெரும்பயன் தரும். பிரஷும் ரோலரும் கொண்டு கையால் நனைக்கும் வேலையில், நாமே மீண்டும் காற்றைச் சேர்த்துவிடுவதால், அதன் பயன் குறைவு.

கையால் அடுக்கும்போது வரிசையை மாற்றினாலே பாதிக் குமிழ் போய்விடும். உலர்ந்த துணியை விரித்து மேலிருந்து ரெசினை ஊற்றினால், இழைக்கற்றைகளுக்குள் இருக்கும் காற்றின் மேல் ரெசின் மூடியாகப் படிந்துவிடுகிறது. முதலில் மோல்டின் மேல் ரெசினைத் தடவி, அதன் மேல் துணியை ஒரு பக்கத்திலிருந்து மெல்லப் படியவிட்டால், ரெசின் கீழிருந்து மேலேறிக் காற்றை முன்னே தள்ளிக்கொண்டு வரும். கிளாஸ் துணியில் இதைக் கண்ணாலேயே காணலாம்: வெள்ளையாக இருந்த துணி கீழிருந்து நனைய நனைய ஒவ்வொரு கற்றையாகக் கண்ணாடிபோல் தெளிந்து வரும், குறுக்கும் நெடுக்குமாகக் கற்றைகள் கடக்கும் இடங்களில் மட்டும் சிறு வெண்புள்ளிகள் சற்று நேரம் தங்கும். அந்தப் புள்ளிகள் காற்று. அடுத்த துணியை அவசரமாக விரிக்காமல், சில நிமிடம் விட்டு, வரிப்பள்ளமுள்ள ரோலரை நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெதுவாக உருட்டினால் அவை கரைந்து மறையும். கார்பன் துணியில் இந்த வெள்ளை அடையாளம் தெரியாது, எனவே விளக்கைச் சாய்வாகப் பிடித்து மினுமினுப்பு ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அடுக்குகள் நிறைய இருந்தால், மூன்று முதல் ஐந்து அடுக்குகளுக்கு ஒருமுறை தற்காலிகப் பேக் போட்டுச் சிறிது நேரம் அழுத்திவிட்டுத் தொடர்வது முன்பே ரெசின் ஏற்றிவரும் துணியான பிரிப்ரெக் வேலைகளில் வழக்கம்.

உள்மூலைகள் தனிக் கவனம் கேட்பவை. மோல்டில் உள்வளைவு இருக்கும் இடத்தில் பீல் பிளையோ (கெட்டியான பின் உரித்தெடுக்கும் துணி) ப்ரீதரோ ஃபிலிமோ மூலைக்குள் இறங்காமல் இரு சுவர்களுக்கும் இடையே பாலமாக இழுபட்டு நின்றால், வளிமண்டலத்தின் சுமை அந்த மூலைக்குப் போய்ச் சேராது. அங்கே ரெசின் தேங்கும், தேங்கிய ரெசினில் குமிழ் தங்கும். ஃபிலிமைப் பாகத்தின் சுற்றளவைவிடத் தாராளமாக வெட்டி, உபரியைச் சீலன்ட் டேப்பால் செங்குத்து மடிப்புகளாகக் கட்டி, ஒவ்வொரு மூலைக்கும் எதிரே ஒரு மடிப்பு வருமாறு வைப்பதே தீர்வு. வேக்கம் லேசாக ஏறியதும் வால்வை மூடிவிட்டு, விரலால் ஒவ்வொரு அடுக்கையும் மூலைக்குள் தள்ளிப் படியவைத்து, அதன் பிறகே மீதி வேக்கத்தை ஏற்ற வேண்டும்.

கசிவைப் பொறுத்தவரை விதி எளிது. ரெசின் கலப்பதற்கு முன்பே வெறும் மோல்டின் மேல் பேகைப் போட்டு, வேக்கம் ஏற்றி, வால்வை மூடி, ஐந்து நிமிடம் கேஜைப் பார்க்க வேண்டும். முள் கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் வேலையைத் தொடங்கக் கூடாது. பெரும்பாலான கசிவு மடிப்புகளின் அடிப்பகுதியில், டேப்பின் இரு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் இருக்கும். டேப்பைச் சுற்றி எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால் மோல்டையே சந்தேகிக்க வேண்டும்: மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, நுரைக்கட்டி, சீல் செய்யாத மரம் ஆகியவற்றால் செய்த மோல்டின் உடல் வழியாகவே காற்று வரும். அப்படி வரும் காற்று வேறு வழியில்லாமல் லேமினேட்டைத் துளைத்துக்கொண்டுதான் பம்புக்குப் போகும்.

பாகத்தைப் பிரித்த பிறகு குமிழின் வடிவமும் இடமும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு புள்ளியில் தொடங்கிப் புழு ஊர்ந்த தடம்போல் நீண்டு செல்லும் குமிழ்வரிசை கசிவின் அடையாளம். எங்கும் பரவலாக, உருண்டையாக, தடித்த பகுதிகளில் கூடுதலாக இருந்தால் ஈரம் அல்லது ஆவியாகும் பொருள். கற்றைகளுக்கு இடையே தட்டையாக, நீண்டு, பரப்பில் துணியின் நெசவு வறண்டு தெரிந்தால் ரெசின் அளவுக்கு மீறி வடிந்திருக்கிறது. மூலைகளில் மட்டும் என்றால் ஃபிலிம் அல்லது ப்ரீதர் பாலமாக நின்றிருக்கிறது. இந்த அடையாளங்களைப் பார்க்காமல் நேராகப் பம்பை மாற்றுவது நோயைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதாகும்.

நடுவில் நுரை அல்லது மர மையம் வைத்த பாகங்களில் இன்னொரு மூலம் உண்டு. மையத்தின் நுண்ணறைகளில் இருக்கும் காற்று சூடேறும்போது விரிந்து ரெசினுக்குள் வரும். ஆகவே மரத்தின் மேல் எப்பாக்ஸி பூசுவதை வெப்பநிலை ஏறும் வேளையில் செய்யாமல் இறங்கும் வேளையில் செய்ய வேண்டும் என்பது மரப்படகு கட்டுபவர்களின் நெடுநாளைய நடைமுறை. குளிரும் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இன்ஃப்யூஷனில் ரெசின் முன்னேறும் வேகமே குமிழின் இடத்தைத் தீர்மானிக்கிறது. மிக வேகமாக ஓடினால் கற்றைகளுக்கு இடையே ரெசின் முந்திக்கொண்டு போய், கற்றைகளின் உள்ளே காற்றை அடைத்துவிடும். மிக மெதுவாக ஓடினால் நுண்புழை ஈர்ப்பால் கற்றைகளுக்குள் முதலில் புகுந்து, இடையே காற்றை விட்டுவிடும். ரெசின் வாளி காலியாகும் முன்பே உள்வழிக் குழாயை அடைக்காவிட்டால், ஒரே மூச்சில் உள்ளே போகும் காற்று அதுவரை செய்த எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அடைத்த பிறகும் வெளிவழி அருகே ரெசினின் அழுத்தம் பேகின் உள்ளழுத்தத்துக்கு ஒட்டியே இருப்பதால் குமிழ் அங்கேதான் அதிகம் தங்கும். முழுவதும் நிரம்பியதும் வெளிவழி வேக்கத்தைச் சற்றுத் தளர்த்துவது அந்தப் பகுதியின் ரெசினுக்கு மீண்டும் அழுத்தம் தருகிறது.

அழுத்தமும் சூடும் ஒருசேரத் தரும் கலமான ஆட்டோகிளேவ் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. அங்கே 6, 7 பார் அழுத்தம் வெளியிலிருந்து கிடைப்பதால், தப்பி நின்ற குமிழ் சுருங்கி, பெரும்பாலும் ரெசினிலேயே கரைந்துவிடும். வளிமண்டலத்தை மட்டும் நம்பியிருக்கும் பேகுக்கு அந்த வலு கிடையாது. அதனால்தான் ஆட்டோகிளேவ் இல்லாமல் கெட்டிப்படுத்தும் பிரிப்ரெக்குகளை, இழைக்கற்றைகளின் நடுப்பகுதி வேண்டுமென்றே நனையாமல் இருக்கும்படி தயாரிக்கிறார்கள். சூடேற்றுவதற்கு முன் நீண்ட நேரம் வேக்கத்தில் வைத்திருக்கும்போது, அந்த உலர்ந்த வழிகள் ஊடாகக் காற்று ஓரத்துக்கு ஓடிவிடுகிறது, பிறகே ரெசின் இளகி அவற்றை நிரப்புகிறது.

பம்பை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்விக்கும் விடை இழைகளிடம் இருக்கிறது. பேகின் சுமையில் நெருங்கிய இழைத்துணி அழுத்திய சுருள்வில்லைப்போல் மீண்டும் விரியக் காத்திருக்கிறது. ரெசின் ஜெல் ஆகுமுன் வேக்கம் தளர்ந்தால் துணி தடிக்கும். தடித்த இடத்தை நிரப்ப, வடிந்துபோன ரெசின் திரும்பி வராது, ஓரங்களிலிருந்து காற்றுதான் வரும். கலந்த கோப்பையில் மிச்சமிருக்கும் ரெசின் இறுகிவிட்டது என்பதை வைத்துப் பம்பை நிறுத்துவது பொதுவான தவறு. கோப்பையில் ரெசின் குவியலாக இருப்பதால் தன் சூட்டிலேயே விரைவில் கெட்டிப்படும். லேமினேட்டில் மெல்லிய படலமாக, மோல்டோடு ஒட்டிச் சூட்டை இழந்தபடி இருக்கும் ரெசினுக்கு இன்னும் பல மணி நேரம் தேவைப்படலாம். பேகின் ஓரத்தில், ப்ரீதருக்குள் படலமாகக் கசிந்திருக்கும் ரெசினை ஃபிலிமின் மேலிருந்தே நகத்தால் அழுத்திப் பார்த்து, தடம் விழாத பிறகு நிறுத்துவதே நம்பகமான அளவுகோல்.